எழுந்து நடக்கும் சரக்கு

தொண்டிக்குத் தெற்கே மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி பக்கம் திருவிழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். கரையில் நிற்கிற கூட்டம் பாயைப் பார்க்கும். எனக்குக் கண் போவது பலகையின் மேல். படகின் குறுக்கே கிடத்தி, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நீளப் பலகை அது. காற்று பாயில் விழுந்து படகு சாயத் தொடங்கியதும், காற்று வருகிற பக்கத்துப் பலகையின் நுனிக்கு ஆட்கள் ஓடுவார்கள். காற்று கூடினால் இன்னும் ஒருவர், இன்னும் ஒரு முழம் வெளியே. காற்று சட்டென்று விட்டால் அதே வேகத்தில் உள்ளே. ஒருவர் பிந்தினாலும் படகு முங்கும். முங்கினால் கரையில் சிரிப்புதான், யாரும் பதறுவதில்லை. படகில் இருக்கிற அத்தனை பேரும் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள்.

இந்தப் பலகை பழைய ஏற்பாடு. பாக் விரிகுடாவின் வத்தை என்கிற நாட்டுப்படகுகளில் இது இருந்ததை, சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஆழமில்லாத கடல் என்பதால் படகுக்கு ஆழமான அடிப்பகுதி வைக்க முடியாது. ஆழமான அடிப்பகுதி இல்லாத படகில் பெரிய பாய் கட்டினால் கவிழும். அதற்கு நம் ஆட்கள் கண்ட வழி, மனிதர்களையே எடைக்கல்லாக்கி வெளியே உட்காரவைப்பது. எடைக்கல்லுக்குக் காதும் காலும் இருக்கிறது, சொன்னால் நகரும்.

இதே ராமநாதபுரம் கரைக்கு விடுமுறையில் வருகிற ஒரு குடும்பம், பணம் கொடுத்து இரண்டு மணி நேரம் பாய்மரக் கப்பலில் போய்வர நினைத்தால் வழி இல்லை. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். ஏர்வாடிப் பக்கமும் குருசடைத் தீவுக்கும் வனத்துறை ஏற்பாட்டில் போய்வரலாம். பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு உண்டு. பெரும்பாலும் இன்ஜின், அல்லது துடுப்பு. காற்றுக்குப் பேர்போன கரையில், காற்றால் ஓடுகிற வண்டிக்கு டிக்கெட் இல்லை. பாம்பன் சாலைப்பாலத்தில் வண்டியை நிறுத்தி, காற்றில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கீழே படகுகளைப் படம் எடுக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த யோசனை வரும்: ஏன் இங்கே ஒரு பாய்க்கப்பல் இல்லை? பதில், காற்றிலோ பாயிலோ இல்லை. பெரும்பாலும் கரையிலும் கணக்கிலும் இருக்கிறது.

முதலில், இப்படிப்பட்ட கப்பல்கள் மற்ற இடங்களில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். நியூயார்க் துறைமுகத்தில் பயனியர் என்று ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல் ஒன்று இருக்கிறது. 1885இல் கட்டியது. டெலவேர் விரிகுடாவின் முகத்துவாரத்தில் அள்ளிய மணலை ஓர் இரும்பு வார்ப்பாலைக்குக் கொண்டுபோகக் கட்டிய கப்பல் அது. இன்று அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தின் கையில், பயணிகளை ஏற்றித் துறைமுகத்துக்குள் சுற்றிக் காட்டுகிறது. சிட்னியில் ஜேம்ஸ் கிரெய்க். 1874இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டி, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையை 23 முறை சுற்றிய சரக்குக் கப்பல். கடைசியில் நிலக்கரி போட்டுவைக்கிற வெறுங்கூடாகி, தாஸ்மேனியாவின் ஒரு மூலையில் ஓட்டை விழுந்து தண்ணீரில் கிடந்தது. 1970களில் அதை மிதக்கவைத்து இழுத்துக்கொண்டு வந்து, பல ஆண்டுகள் பழுது பார்த்து, மறுபடி பாய் ஏற்றினார்கள். இன்று பயணச்சீட்டு வாங்கி அதில் கடலுக்குப் போய்வரலாம்.

இரண்டும் சரக்கு ஏற்றிய கப்பல்கள். மணலும் நிலக்கரியும் போட்ட இடத்தில் கிடக்கும். பயணி அப்படிக் கிடக்கமாட்டார். மொத்த விஷயமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

துறைமுக உலா என்பது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரச் சமாசாரம். கப்பல் படகுத்துறையை விட்டுப் பாயால் கிளம்புவதில்லை; இன்ஜினால்தான் நகரும். நெருக்கமான இடத்தில் பாய் ஏற்றினால் எங்கே இடிக்கும் என்று சொல்ல முடியாது. திறந்த தண்ணீருக்கு வந்ததும் கப்பலின் முன்பக்கமான அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்துவார்கள். காற்று எதிரே இருக்கும்போது பாய் நிரம்பாது, கொடி மாதிரி படபடத்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் ஏற்ற முடியும். இந்த இடத்தில் பயணிகளுக்கும் வேலை கொடுப்பார்கள். பாயைத் தூக்குகிற கயிற்றை இரண்டு வரிசையாக நின்று இழுக்கச் சொல்வார்கள். பத்துப் பேர் சேர்ந்து இழுத்து ஒரு பெரிய பாய் மேலே போவதைப் பார்த்தவர்களுக்குக் காசு அங்கேயே செரித்துவிடும். பிறகு அணியத்தை விலக்குவார்கள், காற்று பாயில் விழும், கப்பல் மெல்லச் சாயும், இன்ஜினை நிறுத்துவார்கள். நிறுத்திய அந்த நொடியில் வருகிற அமைதிதான் இந்தத் தொழிலின் சரக்கு. மற்றதெல்லாம், சூரிய அஸ்தமனம், தேநீர், கதை சொல்கிற மாலுமி, கூடுதல்.

ஏன் ஸ்கூனர்? படத்தில் பார்க்கிற சதுரப் பாய்க் கப்பல் கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் பாயைச் சுருட்ட ஆட்கள் பாய்மரத்தில் ஏறி, பாயைத் தாங்குகிற குறுக்குக் கட்டையான பருமலின் மேல் நடக்க வேண்டும். ஆள் நிறைய வேண்டும், பழகிய ஆளாக வேண்டும். ஸ்கூனரின் பாய்கள் நம் நாட்டுப் பாய் போலவே கப்பலின் நீளவாட்டில் நிற்கும். தளத்தில் நின்றபடியே ஏற்றலாம், இறக்கலாம். நாலைந்து பேர் போதும். நம் கடற்படைக்கும் பாய்க்கப்பல்கள் இருக்கின்றன, தரங்கினி, சுதர்ஷினி. ஆனால் அவை பயிற்சி மாணவர்களுக்கானவை. அங்கே நிறைய ஆள் இருப்பதே நோக்கம். காசு வாங்கி ஓட்டுகிற கப்பலில் ஒவ்வொரு கூடுதல் ஆளும் செலவு.

இப்போது அந்தக் கணக்கு.

மிதக்கிற எந்தப் பொருளும் இரண்டு விசைகளுக்கு நடுவில் நிற்கிறது. எடை கீழே இழுக்கிறது. தண்ணீர் மேலே தள்ளுகிறது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிக உடம்பு தண்ணீருக்குள் போகிறது, அதனால் தண்ணீர் தள்ளுகிற இடமும் அந்தப் பக்கம் நகர்கிறது. எடை நடுவில் கீழ்நோக்கி, தள்ளல் ஓரத்தில் மேல்நோக்கி. இரண்டும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்தும். கைவண்டியில் பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி நிலை பிடிக்கிறவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் கப்பல் சாய்ந்தும் திரும்பும். எடை மேலே ஏற ஏற நிமிர்த்துகிற பிடி குறையும். ஒரு கட்டத்தில் பிடியே இருக்காது.

இன்ஜின் படகு சாயாமல் போக வேண்டிய படகு. பாய்க்கப்பலோ சாய்ந்தபடியே போகிற கப்பல். காற்று எப்போதும் அதை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நிமிர்த்துகிற விசையில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழுகிற விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. இதனால்தான் தண்டல்கள் என்கிற பழைய கப்பல் தலைவர்கள் காற்று வந்த பிறகு பாயைச் சுருக்கமாட்டார்கள், வானம் கறுக்கும்போதே சுருக்குவார்கள். இந்த நேரத்தில், சாய்ந்த பக்கம் ஓர் ஓங்கல் (டால்பின்) துள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் கைபேசியோடு அந்தப் பக்கம் ஓடுவார்கள். மோர்ப்பண்ணைப் பலகையில் ஆட்கள் காற்று வருகிற பக்கம் ஓடினார்கள். இவர்கள் ஓடுவது எதிர்ப்பக்கம். அதே மனித எடைதான்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஏரி அது, அலை இல்லை, புயல் இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர். மீன்பிடிப் படகு கெட்ட படகு இல்லை. மீனும் ஐஸும் அடிக்கிடங்கில் இருக்கும் என்று நினைத்துக் கட்டியது. அடிக்கிடங்கு காலியாகி, எடை முழுவதும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது வேறு படகு.

இதில் ஒரு நுணுக்கம் அமெரிக்காவில் வெளிப்பட்டது. 2004 மார்ச்சில் பால்டிமோர் துறைமுகத்தில் லேடி டி என்ற சிறு பயணிப் படகை ஒரு திடீர்க் காற்று புரட்டிப் போட்டது. 25 பேரில் 5 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் ஈதன் ஆலன் கவிழ்ந்து 20 பேர். இரண்டிலும் விசாரணையாளர்கள் கண்ட குறைகளில் ஒன்று, எத்தனை பேர் ஏறலாம் என்று போட்ட கணக்கில் ஓர் ஆளின் எடையை 140 பவுண்டு, அதாவது 64 கிலோ அளவில், வைத்திருந்தது. அந்த எண் பழைய காலத்து எண். மனிதர்கள் பருத்துவிட்டார்கள், எண் அப்படியே இருந்தது. பிறகு 2011இல் அந்த நாட்டுக் கடலோரக் காவல்படை அதை 185 பவுண்டு, சுமார் 84 கிலோ என்று உயர்த்தியது. ஆளுக்கு 20 கிலோ வித்தியாசம். ஐம்பது பேர் ஏறினால் ஒரு டன். யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு டன் எடை அத்தனை காலமும் தளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது. அங்கே காசு கொடுத்து ஏறுகிறவர் இருக்கிற சிறு கப்பலில் ஆறு பயணிகளுக்கு மேல் போனாலே காவல்படைச் சான்றிதழ் வேண்டும். கப்பலை உண்மையிலேயே ஓர் ஓரத்தில் எடை வைத்துச் சாய்த்துப் பார்த்து, எவ்வளவு சாய்கிறது என்று அளந்து, அப்புறம்தான் ஆள் எண்ணிக்கை எழுதுவார்கள்.

நம் பக்கம் லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. லைஃப் ஜாக்கெட் அவசியம்தான், ஆனால் அது கவிழ்ந்த பிறகு வேலை செய்கிற பொருள். கவிழாமல் இருக்க வேண்டுமானால் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது கிளம்புவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நல்ல பாய்க்கப்பல்களில் இருக்கைகள் தாழ்வாக, நடுவாக இருக்கும். மேல்தளம் என்று ஒன்று இருக்காது. படம் எடுக்கிறவர்களுக்கு வருத்தம்தான்.

சரி, இதெல்லாம் எந்தத் துறைமுகத்துக்கும் பொருந்தும். ராமநாதபுரத்துக்கு என்று உள்ள கணக்கு வேறு, சொல்லப்போனால், அதிர்ஷ்டமானது.

ராமேசுவரம் தீவின் இரு பக்கமும் இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல். ஆண் கடல் ஆர்ப்பரிக்கும், பெண் கடல் சாதுவாகக் கிடக்கும் என்று தனுஷ்கோடியில் வண்டி ஓட்டுகிறவர்கள் பயணிகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கலாம். கடலில் போகிறவர்கள் இப்படிச் சொல்லி நிறுத்தமாட்டார்கள். வைகாசி தொடங்கிக் கச்சான் என்கிற மேல்காற்றும் சோழகம் என்கிற தென்காற்றும் அடிக்கிறபோது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதி. ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வாடை திரும்பினால் வடகடல் கெட்டுப்போகும், தென்கடல் அடங்கும். நாட்டுப்படகுக்காரர்கள் இதையே பார்த்துப் பருவத்துக்கு ஒரு கரை என்று இடம் மாறிக்கொள்வார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில கிலோமீட்டர் தூரத்தில், ஆண்டில் பெரும்பாலான மாதம் ஏதாவது ஒரு கடல் சாதுவாக இருக்கும். குளிர் நாடுகளில் துறைமுக உலாக் கப்பல்கள் குளிர்காலம் முழுக்கக் கட்டிப்போட்டுக் கிடக்கின்றன. இங்கே கரை மாறினால் போதும்.

இன்னும் ஒன்று. கச்சான் காலத்தில் வடகடலில் அலைதான் அடங்கியிருக்குமே தவிர காற்று அடங்கியிருக்காது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று தீவைக் கடந்து அப்படியே வடகடல் மேல் போகும். அலையைத் தீவு தடுத்துவிடும், காற்றைத் தடுக்காது. தட்டையான தண்ணீர், நிறைந்த காற்று: பாய் பிடிக்கிறவன் கனவு காண்கிற இடம். ராமேசுவரத்தில் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ள வெளிமாநிலத்திலிருந்து ஆட்கள் வருவது இதற்காகத்தான். ஆனால் அதே காற்று கரையை விட்டுக் கடலுக்குள் வீசுகிற காற்று. பாய் கிழிந்து இன்ஜினும் கைவிட்டால் கப்பல் கரைக்குத் தள்ளப்படாது, வடக்கே, வடகிழக்கே போய்க்கொண்டே இருக்கும். அந்தத் திசையில் 1974இல் போட்ட எல்லைக்கோடு இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான். மீன் பிடிக்கப் போனவர்களுக்கு அந்தக் கோட்டில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆகவே நங்கூரம் என்பது இங்கே வெறும் நிறுத்துகிற சாமான் இல்லை, உயிர்ச் சாமான். நல்லவேளை, பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. எங்கே போட்டாலும் நங்கூரம் தரை தொடும்.

ஆழம் குறைவு என்பதே கப்பலின் உருவத்தையும் தீர்மானிக்கும். ஆழமான கீல் வைத்து, அதில் ஈயமோ இரும்போ நிரப்பி எடையைத் தாழ்த்துவது மேல்நாட்டு வழி. நம் நாட்டு மரவேலைக்காரர்கள் ஏரா என்று சொல்லுகிற அந்த அடிமரம் இங்கே நீளமாகத் தொங்கினால் மணலில் தட்டும். மாற்று வழி, அகலமான உடம்பும், தேவைப்படும்போது நடுவில் இறக்கி வேண்டாதபோது ஏற்றிக்கொள்கிற பலகையும். பயனியர் போன்ற கரையோரச் சரக்கு ஸ்கூனர்களும் ஆழமற்ற முகத்துவாரங்களுக்கென்றே கட்டப்பட்டவை. அகலமான உடம்பு பயணிகளுக்கும் நல்லது, கொஞ்சம் சாய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் ஆழ்ந்த கீல் உள்ள கப்பல் போல அது எழுந்து வராது. எனவே நம் கடலுக்கு ஏற்ற கப்பலில் பாய் சின்னதாக இருக்க வேண்டும், தண்டலுக்குப் பயம் பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டு கடலையும் பருவத்துக்குப் பருவம் பயன்படுத்த வேண்டுமானால் பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் இருந்தது ஷெர்சர் தூக்குப் பாலம். இரண்டு கைகளாகப் பிளந்து மேலே எழும்பும், ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்கள். அது திறந்தால் மேலே வானம்தான். எவ்வளவு உயரப் பாய்மரமும் போகலாம். 1988இல் பக்கத்தில் சாலைப்பாலம் வந்தது, அது திறக்காத பாலம். அன்றோடு இந்தக் கால்வாய்க்கு ஒரு கூரை போட்டாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக 17 மீட்டர் எழும்புகிறது. அது எவ்வளவு எழும்பினாலும் சாலைப்பாலத்தை மீறி எந்தப் பாய்மரமும் போக முடியாது. இருபத்தைந்து மீட்டர் நீள ஸ்கூனருக்குப் பாய்மரமும் ஏறக்குறைய அதே உயரம் வரும் என்பதால், இந்தக் கடலுக்குக் கட்டுகிற கப்பலின் அளவை முடிவு செய்வது கப்பல் கட்டுகிறவர் இல்லை, நெடுஞ்சாலைக்காரர்கள். பாய்மரத்தை மடக்கிச் சாய்க்கிற மூட்டு வைத்துக்கொண்டால் தப்பலாம்.

உயரத்தோடு முடியவில்லை. கால்வாயில் நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், வலுவானது. வாடைக்காலத்தில் வடகடலிலிருந்து தென்கடலுக்கு ஓடும், கச்சான் காலத்தில் திரும்பி ஓடும். பாலத்துக்கு அருகில் கப்பல் கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதை 2025 மே 17 அன்று நியூயார்க்கில் உலகம் பார்த்தது. மெக்சிகோ கடற்படையின் குவாதெமோக் என்ற பயிற்சிப் பாய்க்கப்பல் 277 பேரோடு துறையை விட்டுக் கிளம்பியது. புரூக்ளின் பாலத்தின் அடியில் போக வேண்டிய கப்பலே இல்லை அது, கடலுக்குப் போக வேண்டியது. தன் வசமிழந்து பின்பக்கமாக நகர்ந்து பாலத்தில் இடித்தது. மூன்று பாய்மரங்களின் உச்சியும் முறிந்தன, இருவர் இறந்தார்கள். பருமலின் மேல் வரிசையாக நின்று விடை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் கயிற்றில் தொங்கியதைப் படத்தில் பார்த்தோம். பாம்பனில் ஆள் ஏற்றிய பாய்க்கப்பல் கால்வாயைக் கடக்கவே கூடாது என்பது என் கட்சி. பருவம் மாறும்போது ஆண்டுக்கு இருமுறை, பயணி இல்லாமல், நீவாடு நின்ற நேரம் பார்த்து, துறைமுக வழிகாட்டியோடு கடந்தால் போதும்.

தென்கடல் பக்கம் இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை வரிசையாக இருக்கிற 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அடியில் பவளப்பாறை, கடற்புல், அதை மேய்கிற ஆவுளியா என்கிற கடற்பசு. பாய்க்கப்பல் சத்தம் போடாது, எண்ணெய் கசியாது என்ற வகையில் இந்தக் கடலுக்கு இன்ஜின் படகைவிட நல்ல விருந்தாளி. ஆனால் வடகடலில் உயிர்ச் சாமான் என்று சொன்னேனே, அந்த நங்கூரம் இங்கே வில்லன். ஒரு நங்கூரச் சங்கிலி காற்றுக்கு ஏற்ப அங்குமிங்கும் இழுபட்டால் அடியில் வளர்ந்த புல்லை வழித்தெடுத்துவிடும். பவளத்தில் விழுந்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் தூள். நிலையாக அடித்துவைத்த மிதவையில் கட்டுவது ஒன்றே வழி. மிதவை அடிக்க வனத்துறை அனுமதி, ஓட்டக் கடல்சார் வாரிய அனுமதி, எல்லை அருகில் என்பதால் கடலோரக் காவல்படைக்கும் தகவல். அலுவலகப் படிகளை எண்ணிப் பயந்துதான் பாதிப் பேர் இன்ஜின் படகோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது.

காசு வாங்கிப் பாயில் ஆள் ஏற்றுவது இந்தக் கரைக்குப் புதிது இல்லை. 1914க்கு முன்னால் ராமேசுவரத்துக்கு வந்த யாத்ரீகன் பெரும்பாலும் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் படகில்தான் கடந்தான். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தரைப் பாஸ்கர சேதுபதி பாம்பன் கரையில் வரவேற்றார். குந்துகாலில் இன்று நினைவு மண்டபம் நிற்கிறது. பாலம் வந்த பிறகும் தீவுக்குள் படகு ஓடியது. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மரத்தால் பாய்ப்படகு கட்டி, யாத்ரீகர்களை ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏற்றிச் சென்றதையும், புயல் அந்தப் படகைக் கொண்டுபோனதையும் கலாமே எழுதியிருக்கிறார். கீழக்கரை மரக்காயர்களுக்குக் கப்பல் என்பது குலப்பெயரிலேயே இருக்கிறது. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குப் பாய் விரித்துப் போனது நம் தலைமுறைக்குச் சற்று முந்திய கதைதான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. தோணிகளும் ஒவ்வொன்றாக இன்ஜின் பொருத்திக்கொண்டன. பாயைப் பிடித்து அடக்குகிற தாமான் கயிற்றை எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று கைக்குத் தெரிந்தவர்கள் இன்று கிழவர்கள். அந்தக் கை இளைஞர்களிடம் மிஞ்சியிருக்கிற இடம் போட்டிப் படகுகள்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விசைப்படகு ஆட்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருக்கிறார்கள்; பள்ளிக்கூடங்களுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. மாலுமி தேடி எங்கேயும் போக வேண்டாம்.

போட்டி முடிந்து படகுகள் திரும்பும்போது மோர்ப்பண்ணைக் கரையில் நின்றிருக்கிறேன். படகு கரையைத் தொடவில்லை, தொடவும் முடியாது. தண்ணீர் வெகுதூரம் முழங்கால் அளவுதான். ஆட்கள் குதித்து இறங்கி, பாயைச் சுருட்டித் தோளில் போட்டு, பலகையை இருவர் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பாட்டி, நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமா என்று பேரனிடம் கேட்டார். அவன் பாட்டியின் சேலையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், படகு நிற்கிற தூரத்தைப் பார்த்தான். சிட்னியிலும் நியூயார்க்கிலும் கப்பலுக்கு முன்னால் அங்கே ஒரு படகுத்துறை இருந்தது. கைப்பிடி போட்ட சாய்வுப் பலகையில் சக்கர நாற்காலிகூட ஏறும். இங்கே கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மிதக்கிற துறை ஒன்று போட்டால் ஆண்டு முழுவதும் ஒரே உயரத்தில் ஏறலாம், இறங்கலாம். பேரன் பாட்டியைக் கையைப் பிடித்து ஐஸ் வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.